கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இரண்டு ஜீப்புகள்

உட்காரவைத்து, காபி கொடுத்து, "எனக்கு இந்தக் கணக்குன்னாலே ஆகாது" என்று பெருமையாகச் சொல்லக் கேட்கும் பாக்கியம் கணக்கு டீச்சருக்கு மட்டும்தான் உண்டு. தமிழய்யாவிடம் போய் எனக்குத் தமிழ் வராது என்று யாரும் மார்தட்டிக்கொள்வதில்லை. கல்யாண வீடு, துக்க வீடு, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னைக் கண்டதும் பழைய பகையை ஞாபகப்படுத்திக்கொண்டு, "சைன், காஸ், டேன்னு படிச்சோமே, அதெல்லாம் எதுக்கு டீச்சர் ஆச்சு?" என்று கேட்பார். என்னவோ நான்தான் அவற்றைக் கண்டுபிடித்த மாதிரி.

உங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் அடிபட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்தான். நானும் அதே அடியைத்தான் வாங்குகிறேன், கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம், சம்பளம் அங்கேதான் வருகிறது.

சாய்ஸில் போன பாடம்

எங்கள் தாளாளர் ஏலக்காய் வியாபாரத்திலிருந்து கல்விக்கு வந்தவர். இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, முக்கோணவியலை இந்த வருஷம் நடத்த வேண்டாம் என்றார். நமது ஊரில் இதற்குச் 'சாய்ஸில் விடுவது' என்று பெயர். கேள்வித்தாளில் பதினாலு கேட்டுப் பத்து எழுதச் சொன்னால், மிச்சம் நாலும் எந்தப் பாடத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்தப் பாடத்தைத் தொடாமல் விடுவது. பையன்கள் செய்தால் சோம்பேறித்தனம், நிர்வாகம் செய்தால் திட்டமிடல்.

கட்டாய வினா என்று ஒன்று இருக்கிறதே, அது அந்தப் பாடத்தில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். வராது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் மேஜை மீதிருந்த புத்தகத்தைப் புரட்டி, மரம் ஒடிந்து கிடக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மூடினார். "நல்ல காரியத்துக்குன்னு போறப்ப ஒடிஞ்ச மரத்தையெல்லாமா டீச்சர் கேப்பாக?"

என்ன மரம்?

நான் நடத்தினேன். சனிக்கிழமை மதியம், வர விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி. முதல் ரேங்க் கூட்டம் தாளாளரின் மாதிரி வினாத்தாள் வகுப்புக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியவர்கள் வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள்.

அவர்களில் முத்துமாரி ஒருத்தி. கணக்கில் அவள் மார்க்கைச் சொன்னால் அவளுக்கு மரியாதை இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கில் வரும் சமாசாரம் நடக்கக்கூடியதுதான் என்று ஒப்புக்கொண்டால்தான் பேனாவைத் திறப்பாள். காற்றில் முறிந்த மரத்தின் உச்சி தரையை முப்பது டிகிரியில் தொடுகிறது, மரத்தின் உயரம் என்ன என்று போர்டில் எழுதினேன். என்ன மரம் என்று கேட்டாள். வாழை என்றேன், நமது ஊர் ஆயிற்றே என்று. வாழை ஒடியாது, வேரோடு சாயும், செங்கோணம் எங்கே வரும் என்று கேட்டாள். தென்னை என்றேன். தென்னை ஒடிந்தால் கொண்டை அற்றுத் தனியாக விழும் என்றாள். அதற்குள் வகுப்பே தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. முருங்கைக்கு ஒரு கட்சி, சவுக்குக்கு ஒரு கட்சி.

டேன் முப்பதுக்கு நான் வந்து சேருவதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசி பெஞ்சில், அப்பாவுக்கு வாழைத் தோட்டம் இருக்கிற பையன் ஒருவன், பையை மாட்டிக்கொண்டே கவலையாகச் சொன்னான். "மரம் ஒடிஞ்சதை வி.ஏ.ஓ. வந்து பாத்தாராங்கறதைச் சொல்லாம உயரத்தை மட்டும் கேக்குறாகளே மிஸ், அப்புறம் நஷ்டஈடு எப்படி வரும்?"

காலி சீட்டு

முத்துமாரியின் அப்பா பாண்டியண்ணன் ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன்னே இந்தப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாக ஏலத் தோட்டத்தில் இறக்கிவிடுவார். திரும்பி வந்து லோயர் கேம்ப் பிள்ளைகளை அதே ஜீப்பில் எங்கள் பள்ளிக்குக் கொண்டுவருவார். மூத்த மகள் பத்தாவதில் கணக்கில் போய், மறு வாரமே தோட்ட வேலைக்கு அந்த ஜீப்பில் ஏறியவள். இன்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

பெற்றோர் கூட்டத்தில் அவரிடம் நான் நிதானமாகத்தான் சொன்னேன், இவள் கொஞ்சம் கவனித்தால் தேறிவிடுவாள் என்று. அவர் கோபப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, மகளுக்கு எதிரிலேயே, வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். "முன்னாடி என் பக்கத்து சீட்டை அவளுக்குன்னு காலியாத்தான் போட்டு வெச்சிருக்கேன் டீச்சர், அவ அக்காளுக்குப் பின்னாடிதான் கெடைச்சுச்சு."

கிணறு எந்தப் பக்கம்

இடையில் ஒரு குடும்பச் சேவை. என் வீட்டுக்காரருக்கு ஜெயமங்கலத்தில் பெரியப்பா மக்கள் இரண்டு பேர். அவர்களுக்குள் ஒரு முக்கோணத் தோட்டம் பாகம் பிரியாமல் கிடந்தது. வீட்டிலேயே கணக்கு டீச்சர் இருக்கும்போது வெளியே எதற்கு என்று என்னை அழைத்துப் போனார்கள். எனக்கோ குஷி. ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் பரப்பு அச்சாகச் சமம். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கே தெரியும். கயிறு கட்டிக் காட்டினேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிணறு போய்விட்டது. அடுத்த முனையிலிருந்து கட்டினேன், கிணறு இந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்றாவது முனையிலிருந்து கட்டியதில் கயிறு மோட்டார் ரூமுக்குள் போனது. முக்கோணத்துக்கு மூன்று முனைதான், நான்காவதாக எனக்கு வழியில்லை. மூத்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மோர் கொடுத்து, ஆறுதலாகச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். "கணக்குப்படி சமம்தாம்மா, ஆனா கணக்குக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டியதில்லையே."

சல்லடை

அரையாண்டுத் தேர்வில் முத்துமாரி நான்கு பாடத்தில் தேறி, கணக்கில் மட்டும் போனாள். தாளாளர் எனக்கு ஆளனுப்பிவிட்டார். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டுவார்கள், பெரிய காய் மேலே நிற்கும், பொடிசு கீழே விழும். அதேபோல் ஜனவரி பிறந்தால் எங்கள் பள்ளியில் ஆட்டம் தொடங்கும். கீழே விழும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து, தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று அனுப்பிவிட்டால், மிச்சமுள்ளவர்களை வைத்து நூறு சதவீதத் தேர்ச்சி. இப்படித்தான் பல வாசல்களில் பிளெக்ஸ் வருகிறது. உங்கள் பிள்ளையை அந்த பிளெக்ஸைப் பார்த்துத்தான் நீங்களும் சேர்த்திருப்பீர்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் ஆத்திரத்துக்கு எங்கள் பள்ளியில் மார்க் கிடையாது. அதனால் வேறு கணக்கைப் போட்டேன். மகளை அனுப்பினால் பாண்டியண்ணன் ஜீப்பும் நின்றுவிடுமே, லோயர் கேம்ப் பிள்ளைகளை யார் கொண்டுவருவது என்று யோசனையாகக் கேட்டேன். திருப்புதல் தேர்வு வரை அவளுக்குத் தவணை கிடைத்தது, அதில் போனால் சான்றிதழ்தான் என்ற நிபந்தனையோடு. நான் கதவருகே போனதும் தாளாளர் பின்னாலிருந்து சொன்னார். "சல்லடையில நிக்காததை மூட்டையில சேத்தா மொத்த மூட்டைக்கும் ரேட்டு எறங்கிரும், பாத்துக்கங்க டீச்சர்."

ஸ்ட்ராவும் பைபாஸும்

புத்தகத்து மரத்தை நம்பாதவளுக்கு நிஜமான ஒன்றைக் காட்டுவோம் என்று ஒரு சனிக்கிழமை வகுப்பை வெளியே கூட்டிப்போனேன். பாகைமானியின் நேர் விளிம்பில் இளநீர் ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். ஸ்ட்ரா வழியாக உச்சியைப் பார்த்தால், நூல் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் ஏற்றக் கோணம். நட்டு முத்துமாரியின் உபயம். ஜீப்பில் எங்கே கழற்றினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு செல்போன் டவர் நிற்கிறது. கோணம் முப்பது வரும் இடத்தில் ஒரு குச்சி நட்டோம். டவரை நோக்கி நடந்து, அறுபது வரும் இடத்தில் இன்னொரு குச்சி. தூரத்திலிருந்து தெரியட்டும் என்று ஒரு பெண் தன் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். அங்கேதான் வினை வந்தது. இந்தப் பக்கம் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நடுவது ரோட்டுக்கு நிலம் எடுக்க வரும் சர்வேக்காரர்கள்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு குச்சிக்கு நடுவே நாங்கள் டேப் பிடித்து முடிப்பதற்குள் தோட்டக்காரர்களின் பைக்குகள் வந்து சேர்ந்துவிட்டன. பைபாஸ் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்டார்கள். பைபாஸ் இல்லை, டேன் தீட்டா என்றேன். அப்படி ஒரு கம்பெனிக்குத்தான் கான்ட்ராக்ட் போயிருக்கிறது என்று பின்னால் நின்றவர் மெதுவாகச் சொன்னார்.

நான் விளக்க விளக்க அவர்கள் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது. இவ்வளவு மழுப்புகிறாள் என்றால் பெரிய ரோடாகத்தான் இருக்கும். வகுப்புக்கே இளநீர் வெட்டினார்கள். கிளம்பும்போது ஒரு பெரியவர் என்னைப் பந்தல் ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார். "கோணத்தையெல்லாம் மாத்த வேணாம் டீச்சர், அந்தக் குச்சியை மட்டும் எங்க பங்காளி தோட்டத்துல நட்டுருங்க, அவுகளுக்கு அங்கன இன்னொரு தோட்டம் கெடக்கு."

ஒரு லட்சியம் பிறந்தது

அன்று திரும்பி நடக்கும்போது முத்துமாரி அந்தத் தோட்டங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். டவரின் உயரத்தை அவளே போட்டு முடித்திருந்தாள். இரண்டு குச்சிக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதி, பெருக்கல் ரூட் மூன்று. முதல் முறையாக ஒரு விடை சரியாக வந்திருக்கிறது, அந்தச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். லட்சியங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். அவள் கையில் இன்னும் குடித்து முடிக்காத இளநீர் இருந்தது. "வெறும் குச்சி நட்டதுக்கே இப்படிப் பயப்படுறாகளே மிஸ், இதுக்குன்னு பாலிடெக்னிக்ல படிப்பு இருக்கா?"

மேலேயிருந்து வந்தவன்

மேகமலை எஸ்டேட்டில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து வந்து, அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் மணிகண்டன் அதிகம் பேசமாட்டான். அண்ணாந்து பார்த்தால் ஏற்றக் கோணம், குனிந்து பார்த்தால் இறக்கக் கோணம், உங்கள் ஊரிலிருந்து இரண்டுக்கும் உதாரணம் சொல் என்று அவனை எழுப்பினேன். இறக்கக் கோணத்துக்கு வரிசையாகச் சொன்னான், தேயிலைச் சரிவு, அணை, சின்னமனூர் ரோடு, பஸ். ஏற்றக் கோணத்துக்குத்தான் திணறினான். பிறகு நிமிர்ந்தான். "எங்க லயத்துல இருந்து பாத்தா எல்லாமே கீழதான் மிஸ், அண்ணாந்து பாக்குறதுக்குன்னு மேனேஜர் பங்களா ஒண்ணுதான் இருக்கு."

கப்பலில் யார் ஏறினார்கள்?

திருப்புதல் தேர்வு நெருங்கியது. முக்கோணவியல் என்றால் ஒரு கலங்கரை விளக்கம் வந்தே தீரும். அதன் உச்சியில் வேலை வெட்டி இல்லாத ஒருவர் நின்றுகொண்டு, ஒரே நேர்கோட்டில் வரும் இரண்டு கப்பல்களை முப்பது, அறுபது டிகிரி இறக்கக் கோணத்தில் பார்ப்பார். கப்பல்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. பார்த்த தண்ணீரில் பெரியது முல்லைப் பெரியாறு. முத்துமாரி கோணத்தைத் தூணுக்கும் பார்வைக்கும் நடுவே குறித்தாள், இது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தப்பு. திருத்தினேன். மறுபடி அதையே செய்தாள். எனக்கும் பொறுமை போய்விட்டது, சத்தம் போட்டேன். அவள் அழவில்லை, நோட்டை மூடிவைத்துவிட்டாள். அது இன்னும் மோசம்.

அன்று மாலை பாண்டியண்ணன் ஜீப் பள்ளி வாசலில் நின்றது. முன்சீட்டு காலியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கலங்கரை விளக்கத்தை அழித்தேன், கப்பலை அழித்தேன். நீ குமுளி மலை வளைவில் நிற்கிறாய், கீழே லோயர் கேம்ப் ரோட்டில் இரண்டு ஜீப் வருகிறது என்றேன். முதலில் நேரே பார், அப்புறம் ஜீப்பைப் பார்க்கக் குனி. எவ்வளவு குனிந்தாயோ அதுதான் இறக்கக் கோணம். கிட்டே உள்ள ஜீப்புக்கு அதிகம் குனிய வேண்டும், அது அறுபது. தள்ளி இருப்பதற்குக் கொஞ்சம் போதும், அது முப்பது. நீ எவ்வளவு குனிகிறாயோ அதே அளவுதான் கீழேயிருந்து டிரைவர் உன்னை அண்ணாந்து பார்ப்பார், ஆகவே அந்தக் கோணத்தைக் கீழேயும் எழுதிக்கொள்ளலாம். உயரத்தை ரூட் மூன்றால் வகுத்தால் கிட்டத்து ஜீப், பெருக்கினால் தூரத்து ஜீப். கழித்தால் முடிந்தது.

போட்டுவிட்டாள். திருப்புதல் தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறியும் விட்டாள். தாளாளர் விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேறு வழியில்லாமல் ஹால் டிக்கெட்டுக்குச் சம்மதித்தார். அவளை நான் பாராட்டப் போனால் குற்றம் என் மேல் வந்தது. "மொதல்லயே ஜீப்புன்னு சொல்லியிருந்தா எப்பவோ போட்டிருப்பேன் மிஸ், கப்பல்ல இங்கன யாரு ஏறுனா?"

கட்டாய வினா

பொதுத்தேர்வு முடிந்து வெளியே வந்த முதல் ரேங்க் பையன் வேப்பமரத்தடியில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். என்ன என்று ஓடினேன். கட்டாய வினாவில் கலங்கரை விளக்கம். அறுபது மீட்டர் உயரம், இரண்டு கப்பல்கள், முப்பது, அறுபது. சாய்ஸில் விட்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஐந்து மார்க் கடலில் போனது. தாளாளர் போனை எடுக்கவில்லை.

முத்துமாரியைத் தேடினேன். கைகழுவிக்கொண்டு நிதானமாக வந்தாள். விடை அறுபத்தொன்பது புள்ளி இருபத்தெட்டு மீட்டர் என்றாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றைச் சொன்னாள். யோசிப்பதற்காக ஜீப் என்று நினைத்துக்கொண்டவள், அவசரத்தில் விடையிலும் இரண்டு ஜீப்புகளுக்கு இடையே உள்ள தூரம் என்றே எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். மற்ற கேள்விகளை வைத்துப் பார்த்தால் அந்த ஐந்து மார்க்கில்தான் அவள் தேறுவதும் போவதும் நிற்கிறது. திருத்துகிறவர் எந்த ஊர்க்காரரோ, ஜீப்பைக் கண்டால் என்ன நினைப்பாரோ. படமாவது ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டேன். "படத்துல கப்பல்தான் மிஸ் வரைஞ்சேன், டயரு மட்டும் வெச்சுட்டேன்."

பிளெக்ஸ்

ரிசல்ட் வரும்வரை நான் தூங்கியது சொற்பம். இரண்டு கப்பலுக்கு டயர் மாட்டி யாரோ கடலில் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரியே கனவு வரும். மே மாதம் வந்தது. முத்துமாரி கணக்கில் முப்பத்தேழு. எந்த ஊர்க்காரரோ அந்தத் திருத்தியவர், நன்றாக இருக்க வேண்டும். முக்கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு டயரைப் பார்க்காமல் விட்டிருக்கிறார், அல்லது பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்.

பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளெக்ஸ் ஏறியது. நடுவில் தாளாளர், கைகூப்பியபடி. சுற்றிலும் முதல் ரேங்க் பிள்ளைகள், கலங்கரை விளக்கத்தில் ஐந்து மார்க்கை விட்ட அதே பிள்ளைகள். முத்துமாரியின் படத்துக்கு இடமில்லை. அவள் இல்லாவிட்டால் அந்த பிளெக்ஸே இல்லை என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர், தொலைநோக்கோடு தான் எடுத்த முடிவால்தான் இது நடந்தது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் சாய்ஸ்ல எந்தப் பாடத்தை விடலாம்னு இப்பவே யோசிச்சு வைங்க டீச்சர்."

ஜீப் ஸ்டாண்டில்

அன்று மாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பாண்டியண்ணன் ஜீப்பை ஓரங்கட்டி இறங்கி வந்தார். தேனி பாலிடெக்னிக்கில் அப்ளிகேஷன் வாங்கியாயிற்று, மகள் சர்வே படிக்கப் போகிறாள், குச்சி நடுகிற படிப்பாம் என்றார். நன்றி என்றெல்லாம் சொல்லத் தெரியாதவர், சாவியை உருட்டிக்கொண்டே நின்றார். நான் கண் கலங்கியதை மறைக்க பஸ் வருகிறதா என்று பார்த்தேன். பிறகு அவர் என்னை ஜீப்பின் முன்பக்கம் வந்து பார்க்கச் சொன்னார். "அவளுக்குன்னு போட்டு வெச்ச சீட்டுல ஸ்டெப்னியைத் தூக்கி வெச்சுக் கயிறு போட்டுக் கட்டிட்டேன் டீச்சர், இனிமே அங்கன யாரும் உக்கார முடியாது."

ஆகையால், சைனும் காஸும் டேனும் வாழ்க்கையில் எதற்கு ஆச்சு என்று இனிமேல் யார் கேட்டாலும் நான் வாயைத் திறப்பதாக இல்லை. தினமும் விடியுமுன்னே கூடலூரிலிருந்து குமுளிக்கு ஒரு டயர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போகிறது, அதை நிறுத்திக் கேட்டுக்கொள்ளட்டும்.